பத்திரம் இல்லாத வீட்டுக்குப் பணம் போடலாமா?

கேள்வி:

மேடம், நானும் கணவரும் நியூயார்க்கில், குயின்ஸ் ஜாக்சன் ஹைட்ஸில் ஆறு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 2,450 டாலர். அடுத்த தெருவில், 84 வீடுகள் கொண்ட ஆறு மாடிக் கட்டடத்தில், நாலாவது மாடி ஒன் பெட்ரூம் கோ-ஆப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 3,95,000 டாலர். மெயின்டனன்ஸ் மாதம் 1,080. இருவர் சம்பளமும் சேர்த்து வருடத்துக்கு 1,55,000. சேமிப்பு 1,10,000. கார் கடனுக்கு மாதம் 450 போகிறது. கணவர் ஹெச்-1பி வேலை விசா, நான் ஹெச்-4 விசாவில், இஏடி என்ற வேலை அனுமதியோடு இருக்கிறேன். கும்பகோணத்திலிருந்து அப்பா 40,000 டாலர் தருகிறேன் என்கிறார். ஆனால் விவரம் கேட்டதிலிருந்து, "பத்திரமே இல்லாத வீட்டுக்கு ஏம்மா பணம் போடுற?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நாலைந்து வருடத்தில் பெரிய வீட்டுக்குப் போய்விட்டு இதை வாடகைக்கு விடலாம் என்பது கணவரின் திட்டம். ப்ரோக்கர் வெள்ளிக்கிழமைக்குள் விலை சொல்லச் சொல்கிறார். வாங்கலாமா?

— ஒரு வாசகி, குயின்ஸ்

பதில்:

முதலில் அந்த வெள்ளிக்கிழமையை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். நியூயார்க்கில் நீங்கள் விலை சொல்லி, விற்பவர் சரி என்று சொல்லிவிட்டாலும் இருவரையும் எதுவும் கட்டுப்படுத்தாது. ஒப்பந்தத்தில் இரு பக்கமும் கையெழுத்துப் போட்டு, பத்து சதவீத முன்பணம் விற்பவரின் வக்கீல் கணக்கில் விழுந்த பிறகுதான் விஷயம் உறுதி. உங்களுக்கு அது 39,500 டாலர். விலை சொல்வதற்கும் கையெழுத்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வாரம் கிடைக்கும். நான் கீழே சொல்லப்போகும் வேலையெல்லாம் அந்த இடைவெளியில் நடப்பவைதான். அதனால் வீடு பிடித்திருந்தால் வெள்ளிக்கிழமை தாராளமாக ஒரு விலை சொல்லுங்கள். கையெழுத்தை மட்டும் யாருடைய அவசரத்துக்காகவும் போடாதீர்கள்.

இனி அப்பாவின் கேள்வி. அவர் சரியாகத்தான் கேட்கிறார். நம் ஊரில் ஃபிளாட் வாங்கினால் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு என்று இத்தனை சதுர அடி உங்கள் பேரில் பதிவாகும். சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் கட்டைவிரல் ரேகை வைத்துவிட்டு வருவீர்கள், வில்லங்கச் சான்றில் உங்கள் பெயர் ஏறும். கோ-ஆப்பில் இவை எதுவுமே நடக்காது. நிலமும் கட்டடமும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். அந்தக் கம்பெனியின் ஷேர்களைத்தான் நீங்கள் வாங்குகிறீர்கள். இன்ன வீட்டுக்கு இத்தனை ஷேர் என்று கட்டடம் கோ-ஆப் ஆன நாளிலேயே பிரித்து வைத்திருப்பார்கள். அந்த ஷேர்கள் கையில் இருக்கும்வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை ப்ரொப்ரைட்டரி லீஸ் என்ற குத்தகைப் பத்திரம் தருகிறது. சட்டத்தின் பார்வையில் நீங்கள் பங்குதாரர், கூடவே குத்தகைதாரர். உங்கள் வீட்டு ஓனர் யார் என்றால், நீங்களும் மற்ற 83 வீட்டாரும் சேர்ந்த அந்தக் கம்பெனி.

மாதுங்காவில் ஃபிளாட் வைத்திருக்கும் உறவினர் யாராவது இருந்தால் அப்பாவை அவரிடம் பேசச் சொல்லுங்கள். மும்பை ஹவுசிங் சொசைட்டியின் ஷேர் சர்டிபிகேட்டைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அங்கே பதிவு செய்த ஒப்பந்தமும் கூடவே இருக்கும், இங்கே அதுவும் கிடையாது என்பதுதான் வித்தியாசம். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுங்கள்: கடனில் வாங்கினால் ஷேர் சர்டிபிகேட்டும் லீஸும் அசலாக வங்கியிடம் போய்விடும், கடன் தீரும்வரை வராது. அப்பாவுக்கு நகலைத்தான் காட்ட முடியும்.

பத்திரம் இல்லை என்பதில் உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. நியூயார்க் நகரில் காண்டோவோ (நம் ஊர் ஃபிளாட் போலப் பத்திரத்தோடு வருவது) தனி வீடோ கடனில் வாங்கினால் அடமானப் பதிவு வரி என்று ஒன்று கட்ட வேண்டும். ஐந்து லட்சம் டாலருக்குக் குறைந்த கடனென்றால் வாங்குபவர் பங்கு 1.8 சதவீதம். நீங்கள் வாங்கப்போகும் 3,16,000 கடனுக்கு அது 5,700 டாலர் அளவு ஆகியிருக்கும். கோ-ஆப் அசையாச் சொத்தே அல்ல என்பதால் அந்த வரி கிடையாது.

ஆக, சட்டப்படி இது பாதுகாப்பான ஏற்பாடுதான். ஜாக்சன் ஹைட்ஸுக்கு இது நூறு வருடப் பழக்கம். குயின்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் வயல்வெளியாகக் கிடந்த இடத்தை வாங்கி, நடுவில் தோட்டம் விட்டுச் சுற்றிலும் வீடு கட்டி, 1920-ஐ ஒட்டி அவற்றைக் கோ-ஆப்பாக விற்க ஆரம்பித்தது. அப்போது யூதர்களுக்கும் கறுப்பர்களுக்கும் விற்க மாட்டோம் என்று ஒதுக்கி வைத்தவர்கள் அவர்கள். இன்று அதே ஊரின் 74-வது தெருவில் நீங்கள் முருங்கைக்காய் பொறுக்கி எடுக்கிறீர்கள்.

சட்டம் சரி, உங்கள் கணக்கு சரியா?

கோ-ஆப்பில் வங்கி சரி சொன்னால் போதாது, போர்டும் சரி சொல்ல வேண்டும். போர்டு என்பது பங்குதாரர்கள் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்த ஐந்தாறு பேர், பெரும்பாலும் ரிட்டயர்டு ஆட்கள். வங்கி உங்களால் கடனைக் கட்ட முடியுமா என்று பார்க்கும். போர்டு, உங்கள் வேலை போனால் மெயின்டனன்ஸ் வருமா என்று பார்க்கும். நீங்கள் கட்டாத மெயின்டனன்ஸை மற்ற 83 வீட்டாரும் சேர்ந்துதான் சுமக்க வேண்டும், அந்தப் பயம்.

உங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பார்த்தேன். இருபது சதவீதம் கையிலிருந்து போட்டால் 79,000. மீதி 3,16,000 கடன். வட்டி ஆறரை சதவீதம், முப்பது வருடம் என்று வைத்தால் மாதத் தவணை 2,000 டாலர் ஆகிறது. மெயின்டனன்ஸோடு 3,080. கார் கடனையும் சேர்த்தால் 3,530. உங்கள் மாத வருமானம் 12,900 என்றால் இது 27 சதவீதம். பல போர்டுகள் 28 வரை விடுவார்கள், சில 25-லேயே நிறுத்திவிடுவார்கள். நீங்கள் கோட்டை ஒட்டி நிற்கிறீர்கள்.

இதைவிட முக்கியம், எல்லாம் முடிந்த பிறகு வங்கியில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பது. உங்கள் 1,10,000, அப்பாவின் 40,000, ஆக 1,50,000. அதில் 79,000 போகிறது. வக்கீல், வங்கிக் கட்டணம், மதிப்பீடு, விண்ணப்பக் கட்டணம் என்று 7,000 எடுத்து வையுங்கள். மிச்சம் 64,000. மாதம் 3,080 வீதம் பார்த்தால் இருபது மாதத்துக்குக் கொஞ்சம் மேலே தாங்கும். ஒரு வருடத்துக்கு இருந்தால் போதும் என்கிற போர்டு என்றால் நீங்கள் சுலபமாகத் தேறிவிடுவீர்கள். இரண்டு வருடம் வேண்டும் என்கிற போர்டு என்றால் பத்தாயிரம் குறைகிறது. 401கே என்ற ஓய்வுகால சேமிப்பில் இருப்பதை இந்தக் கணக்கில் சேர்ப்பார்களா என்பது கட்டடத்துக்குக் கட்டடம் மாறும்.

அப்பாவின் பணம் இல்லாவிட்டால் மிச்சம் 24,000 தான், எட்டு மாதம்கூட வராது. ஆக அவர் தரும் பணம் வீட்டுக்குள் போகப் போவதில்லை. போர்டு பார்ப்பதற்காக வங்கியில் சும்மா கிடக்கப் போகிறது. "அப்படியென்றால் க்ளோசிங் முடிந்து வீடு கைக்கு வந்ததும் திருப்பி அனுப்பிவிடலாமே" என்று உங்கள் கணவருக்குத் தோன்றும். எல்லாக் கணவர்களுக்கும் தோன்றுகிறது. கூடாது. அது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை என்று அப்பா கடிதம் எழுதித் தருவார், அதை நம்பித்தான் வங்கி கடன் கொடுக்கும். அதில் பொய் இருந்தால் வங்கியை ஏமாற்றிய குற்றம். விசாவில் இருப்பவர்கள் நெருங்கவே கூடாத இடம்.

பணம் வரும் வழியையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் குடியிருக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம், அதனால் அளவில் பிரச்சினை இல்லை. ஆனால் அன்பளிப்பாக அனுப்பும்போது பத்து லட்சம் ரூபாயைத் தாண்டிய தொகைக்கு இருபது சதவீதம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். 40,000 டாலர் என்பது 35 லட்சம் ரூபாய் என்று வையுங்கள், 25 லட்சத்துக்கு ஐந்து லட்சம் பிடித்தம். அது தொலைந்துபோகிற பணமில்லை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை அப்பாவின் கையிலிருந்து 40 லட்சம் போயிருக்கும், அதை அவரிடம் முன்கூட்டியே சொன்னீர்களா? மார்ச் 31-க்கு முன்னால் பாதி, பின்னால் பாதி என்று இரண்டு நிதியாண்டில் பிரித்து அனுப்பினால் பிடித்தம் குறையும். அம்மாவுக்குத் தனி பான் கார்டும் சொந்த சேமிப்பும் இருந்தால் அவரும் ஒரு பங்கு அனுப்பலாம். இங்கே உங்களுக்கு வரி எதுவும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் அன்பளிப்பு வருடத்துக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டினால்தான் 3520 என்ற படிவம். பணம் சீக்கிரம் வந்து சேர்வது நல்லது. போர்டு கேட்கும் இரண்டு மூன்று மாத ஸ்டேட்மென்டில் திடீரென்று நாற்பதாயிரம் முளைத்திருந்தால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இதுவரை பேசியது உங்கள் நிதி நிலைமை. நீங்கள் பங்குதாரராகச் சேரப்போகிற கம்பெனியின் நிதி நிலைமை எப்படி? என்னிடம் வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் சமையலறை பற்றி அரைமணி நேரம் பேசுவார்கள், பால்கனி இல்லை என்று வருத்தப்படுவார்கள். கட்டடத்தின் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தீர்களா என்றால் விழிப்பார்கள். கோ-ஆப்பில் சமையலறையை நீங்கள் மாற்றிக்கொள்ள முடியும். பேலன்ஸ் ஷீட்டை முடியாது.

ஆடிட் செய்த கணக்கு கடைசி மூன்று வருடத்துக்கு வேண்டும் என்று கேளுங்கள். அதில் நான் முதலில் புரட்டுவது கட்டடத்தின் மேல் இருக்கும் கடன். அன்டர்லையிங் மார்ட்கேஜ் என்பார்கள். கட்டடம் முழுவதற்கும் கம்பெனி வாங்கிய கடன் அது, அதன் வட்டியும் உங்கள் 1,080-க்குள்தான் இருக்கிறது. பல கட்டடங்கள் வட்டி மூன்று, மூன்றரை சதவீதமாக இருந்த காலத்தில் பத்து வருடத்துக்குக் கடன் வாங்கின. வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வருவார்கள், பத்தாவது வருடம் அசல் அப்படியே நிற்கும், புதுக்கடன் வாங்கித்தான் அதை அடைக்க வேண்டும். ஒரு உதாரணம்: 32 லட்சம் டாலர் கடன், இப்போது 3.4 சதவீதம், வருடத்துக்கு வட்டி 1,08,800. புதுக்கடன் ஆறு சதவீதத்தில் கிடைத்தால் 1,92,000. வித்தியாசம் 83,200, அதை 84 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு மாதம் 80 டாலருக்கு மேல். யாரும் ஒரு பல்ப் கூட மாற்றாமலே மெயின்டனன்ஸ் ஏறிவிடும். அதனால் கடன் எவ்வளவு, எந்த வருடம் முதிர்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் எண்ணாகவே பதில் வாங்குங்கள்.

ரிசர்வ் நிதி எவ்வளவு என்று பாருங்கள். 84 வீட்டுக் கட்டடத்தில் பாய்லர் போனால் தாங்குமா, இல்லை வீட்டுக்கு இவ்வளவு என்று அசெஸ்மென்ட் போடுவார்களா என்பது அதில் தெரியும். அப்புறம் லோக்கல் லா 97. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் வெளியிடும் கார்பனுக்கு நகரம் 2024 முதல் வரம்பு வைத்திருக்கிறது. தாண்டினால் டன்னுக்கு 268 டாலர், வருடா வருடம். வரம்பு 2030-ல் இன்னும் இறுகுகிறது. பழைய ஸ்டீம் பாய்லர் ஓடும் 84 வீட்டுக் கட்டடம் இதிலிருந்து தப்ப வழியில்லை. 2030 வரம்புக்குள் வருவோமா, வராவிட்டால் திட்டம் என்ன என்று கேட்டுவையுங்கள். "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று பதில் வந்தால், செலவு உங்கள் தலையில் விழப்போகிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். ஒரு நல்ல செய்தி: ஆறு மாடியைத் தாண்டிய கட்டடங்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முகப்பு ஆய்வு என்று சாரம் கட்டிப் பணத்தைக் கரைப்பார்கள். உங்களுடையது சரியாக ஆறு மாடி, மயிரிழையில் தப்பித்துவிட்டது.

எத்தனை வீடுகள் இன்னும் ஸ்பான்ஸரிடம் இருக்கின்றன என்பதையும் கேளுங்கள். எண்பதுகளில் வாடகைக் கட்டடமாக இருந்து கோ-ஆப் ஆனவற்றில், மாற்றிய முதலாளி விற்காமல் வைத்திருக்கும் வீடுகள் இப்போதும் இருக்கும். அது பாதிக்கு மேல் என்றால் பல வங்கிகள் கடன் தரத் தயங்கும், நாளைக்கு உங்களிடம் வாங்க வருபவருக்கும் அதே தயக்கம்.

போர்டு மீட்டிங் மினிட்ஸைப் படிப்பது உங்கள் வக்கீலின் வேலை. நான் சொந்தமாக உட்கார்ந்து படிப்பேன், இதை உதவியாளரிடம் விடுவதில்லை. ஒருமுறை ஒரு தம்பதிக்காகப் படித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வாங்கவிருந்தது சி வரிசை வீடு. மினிட்ஸில் இரண்டு வருடத்தில் மூன்று இடத்தில் "சி வரிசை, குளியலறைக் குழாய்" என்று வந்தது. மூன்றுமுறையும் அடுத்த மாதம் பேசலாம் என்று தள்ளிப் போட்டிருந்தார்கள். கையெழுத்துக்கு முன் மறுபடி ஒருமுறை போய்க் குளியலறைக் கூரையைப் பாருங்கள் என்றேன். போனார்கள். நாலு மூலையில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெள்ளையாக இருந்ததாம். இருவரில் ஒருவர் ஸ்டூலில் ஏறி விரலால் அழுத்தினார், உள்ளே போனது. கிட்டத்தட்ட பஞ்சு. புதுப் பெயின்ட் மேலே, ஊறின பிளாஸ்டர் கீழே. விலையில் நல்ல தொகை குறைத்து, குழாயை மாற்றித் தருவதாகக் கட்டடத்திடம் எழுதி வாங்கிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள்.

சரி, இப்போது உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரிக்கு வருகிறேன். நாலைந்து வருடத்தில் பெரிய வீட்டுக்குப் போய்விட்டு இதை வாடகைக்கு விடுவது.

அந்தத் திட்டத்துக்குக் கோ-ஆப் ஏற்ற இடமே அல்ல. பங்குதாரர்களே குடியிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடே. வழக்கமான விதி எப்படி இருக்கும் தெரியுமா? முதல் இரண்டு வருடம் நீங்களே குடியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் மட்டும் சப்லெட் செய்யலாம். வாடகைக்கு வருபவரையும் போர்டு பார்த்து அனுமதிக்கும், அதற்குத் தனிக் கட்டணம் வாங்கும். சில கட்டடங்களில் சப்லெட் என்ற பேச்சே கிடையாது. இன்று அனுமதி இருந்தாலும் நாளைக்கு விதியை மாற்ற முடியும். போர்டு நல்லெண்ணத்தோடு, தன் அதிகாரத்துக்குள் எடுத்த முடிவுகளில் நீதிமன்றம் தலையிடாது என்று நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. வாடகை வருமானத்துக்காக என்றால் காண்டோ பாருங்கள். விலை கூடும், ஆனால் சுதந்திரம் உண்டு.

ஹெச்-1பி-யோடு சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் கூர்மையாகக் குத்தும். கணவரின் வேலை போனால் அறுபது நாள் அவகாசம், உங்கள் இஏடி-யும் அவர் விசாவோடு கட்டியிருக்கிறது. அறுபது நாளில் கோ-ஆப்பை விற்க முடியாது. வாங்குபவர் கிடைத்து, அவருக்குக் கடன் கிடைத்து, அவரைப் போர்டு பார்த்து முடிக்க மூன்று நாலு மாதம் சர்வசாதாரணம். அதுவரை கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு மாதம் 3,080 கட்ட வேண்டும். அந்த நேரத்தில் சப்லெட் அனுமதி மட்டுமே உங்களைக் காப்பாற்றும். ஊருக்குத் திரும்பி, அமெரிக்க வரிக் கணக்கில் வெளிநாட்டவராகிவிட்ட பிறகு விற்றால் விலையில் பொதுவாக 15 சதவீதத்தை, வாங்குபவர் குடியிருக்க வாங்கினால் அதைவிடக் குறைவாக, வரித் துறைக்காகப் பிடித்துவைப்பார்கள். கணக்குக் காட்டித் திரும்பப் பெறலாம், ஆனால் அலைச்சல். அதனால் ப்ரொப்ரைட்டரி லீஸிலும் ஹவுஸ் ரூல்ஸிலும் சப்லெட் பற்றி என்ன இருக்கிறது என்பதை எழுத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ப்ரோக்கர் "தெ ஆர் ஃப்ளெக்ஸிபிள்" என்று வாயால் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒப்பந்தத்தில் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும் என்ற விதியும் இருந்தே ஆக வேண்டும். போர்டு மறுத்தால் 39,500 உங்களுக்குத் திரும்பிவிடும், அது வழக்கமாகவே இருக்கும். கடன் மறுக்கப்படுவதற்கு அந்தப் பாதுகாப்பு தானாக வராது. அதை விட்டுக்கொடுத்தால் உங்கள் விலையை ஏற்பார்கள் என்று ஆசை காட்டுவார்கள். விசாவை நம்பி வாங்குகிறவர் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒரே விதி அது.

"வாடகை வீண் காசு" என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். முதல் மாதத் தவணை 2,000-ல் வட்டி மட்டும் 1,710. மெயின்டனன்ஸ் 1,080. இரண்டும் திரும்பி வராத பணம், கூட்டினால் 2,790. உங்கள் வாடகை 2,450. ஆரம்பத்தில் வாடகையைவிட அதிகமாகத்தான் வீணாகும், அசலில் குறைவது 290 டாலர் கூட இல்லை. விற்கும்போது ப்ரோக்கர் கமிஷன் ஐந்து சதவீதம், நகரத்துக்கும் மாநிலத்துக்கும் சேர்த்து 1.4 சதவீத வரி, கட்டடம் கேட்கும் ஃபிளிப் டாக்ஸ் இரண்டு சதவீதம் என்று வைத்தால், வாங்கிய விலைக்கே விற்றாலும் 33,000 டாலர் போய்விடும். மூன்று நாலு வருடத்தில் விற்கப்போகிறவருக்கு இது கட்டாது. ஏழு எட்டு வருடம் இருப்பவருக்கு, வாடகை ஏறிக்கொண்டே போக, கணக்கு மெல்ல மெல்லத் திரும்பும்.

இன்டர்வியூ பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். போர்டு காரணம் சொல்லாமலே மறுப்பது இங்கே சாதாரணம். விசா, பிறந்த நாடு, குழந்தை பெறுவது போன்றவற்றை வைத்து மறுக்க நகர மனித உரிமைச் சட்டம் அனுமதிப்பதில்லை, ஆனால் வாயே திறக்காதவரிடம் அதை நிரூபிப்பது கஷ்டம். என்னிடம் வந்த ஒரு பெண்ணை நினைத்தால் இப்போதும் வருத்தம். எல்லாக் கணக்கும் கச்சிதம். பேஸ்மென்டில் லாண்டரி ரூமுக்குப் பக்கத்து அறையில் இன்டர்வியூ. ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். சனிக்கிழமைகளில் வீட்டிலேயே ஆறு பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லித் தருகிறேன் என்றார், பெருமையோடு. சலங்கை எப்படி இருக்கும் என்று கையால் ஆட்டிக் காட்டவும் செய்தாராம். கீழ் வீட்டுக்காரர் அந்த போர்டில் உறுப்பினர். நாலு நாளில் மறுப்பு வந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், சுருக்கமாக, சிரித்த முகமாக. நீங்கள் எதையும் நிரூபிக்கப் போகவில்லை, அதற்கு உங்கள் காகிதங்கள் இருக்கின்றன.

ஹவுஸ் ரூல்ஸில் நம்மவர்கள் வழுக்கி விழும் இடங்கள் எனக்கு மனப்பாடம். செருப்பு ஸ்டாண்டை வாசலுக்கு வெளியே வைக்க முடியாது, நடைபாதை தீயணைப்பு விதிக்குள் வரும். கோலமும் வாசலுக்கு உள்ளேதான். தரையில் எண்பது சதவீதம் கார்ப்பெட் விரிக்கச் சொல்வார்கள். வாஷிங் மெஷின் பெரும்பாலும் வைக்க முடியாது. அம்மா அப்பா ஆறு மாதம் வந்து தங்குவதற்கு, விருந்தினர் பற்றி லீஸில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீங்களும் கூட இருந்தால் பொதுவாகச் சிக்கல் வராது. கிரைண்டரைத் தடுக்கும் விதியை நான் எங்கும் பார்த்ததில்லை. காலை எட்டுக்கு முன், இரவு பத்துக்குப் பின் ஓட்டாதீர்கள், அடியில் ஒரு தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். கட்டடத்தைப் பராமரிக்கும் சூப்பரைப் பார்த்தால் கட்டடத்தில் கேஸ் எப்போதாவது நின்றிருக்கிறதா என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். ஒரு கசிவு வந்தால் கட்டடம் முழுவதற்கும் நிறுத்திவிடுவார்கள், திரும்ப வர மாதக்கணக்காகும். மின்சார ஒற்றை அடுப்பில் மாதக்கணக்கில் சாம்பார் வைத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

என் முடிவைக் கேட்டால்: ஏழு வருடமாவது அங்கேயே குடியிருப்போம் என்று இருவரும் மனதார நினைத்தால், சப்லெட்டுக்கு வருடக் கணக்கில் அனுமதி எழுத்தில் இருந்தால், வாங்குங்கள். கணவரின் வாடகைத் திட்டம்தான் பிரதானம் என்றால் இந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

நாளைக்கே மேனேஜிங் ஏஜென்ட் ஆபீசிலிருந்து பர்ச்சேஸ் அப்ளிகேஷனை வாங்கிவிடுங்கள். அதில் வருமானத்தில் எத்தனை சதவீதம் வரை விடுவார்கள், எத்தனை மாத மிச்சம் வேண்டும், அன்பளிப்புப் பணம் ஏற்பார்களா என்பது பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே இருக்கும். இரண்டு வருட மிச்சம் கேட்டிருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பத்தாயிரத்துக்கு வழி தேடுங்கள். கார் கடனை இப்போது அவசரப்பட்டு அடைக்காதீர்கள், கையிருப்பு குறைந்துவிடும்.

அப்பாவிடம் ஷேர் சர்டிபிகேட் நகலைக் காட்டும்போது, அதில் உங்கள் பெயர் முதலில் இருக்கிறதா கணவர் பெயர் முதலில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். அதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.